முதல் எதிரி

எந்தப் பெயர் மேலே வரட்டும் என்று பர்வீன் மறுபடியும் கேட்கிறாள், கேட்டுவிட்டுத் திரையைப் பார்க்கிறாள், திரையில் எழுத்துக்காகக் காத்திருக்கும் அந்தச் சின்னக் கோடு விட்டு விட்டு மின்னுகிறது, நான் மின்விசிறியைப் பார்க்கிறேன். விசிறியின் ஒரு இறக்கையில் மட்டும் தூசி இல்லை. யாரோ துடைக்க ஆரம்பித்து ஒன்றோடு விட்டுவிட்டார்கள். இந்த அச்சுக்கடையில் ஒரே பெஞ்சு. அந்தக் கோடியில் தேவசகாயம், இந்தக் கோடியில் நான், நடுவில் என் ஜோல்னாப் பை. பையை நடுவில் வைத்தது நான்தான், அவன் உட்கார்ந்த கையோடு வைத்தேன், வைத்த பிறகு எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது, ஆனால் வைத்ததை எடுத்தால் இன்னும் ஒரு மாதிரியாக இருக்கும். அவனுக்கு ஒரு சங்கம், எனக்கு ஒரு சங்கம். ஒரு காலத்தில் இரண்டும் ஒன்று. பிரிந்த நாளிலிருந்து நாங்கள் முகம் பார்த்துப் பேசியதில்லை. மேடையில் பேசியிருக்கிறோம், ஒருவரைப் பற்றி ஒருவர். இன்றைக்குப் பேச வேண்டியதைப் பர்வீன் வழியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். "அவரோட சங்கத்துல இப்ப ஆளுங்க யாராவது மிச்சம் இருக்காங்களான்னு கேளும்மா" என்றான் சற்று முன்னால். பர்வீன் திரும்பாமலே, "பக்கத்துலதான சார் இருக்காரு, ஒரு பை தூரம்" என்றாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவனும் அடக்கிக்கொண்டது அவன் இருமலில் தெரிந்தது. இரண்டு மணிக்கு ஷிப்டு மாறும். அதற்குள் இந்தத் துண்டறிக்கை அச்சாகி இரண்டு கம்பெனி வாசலுக்கும் போயாக வேண்டும், ஏனென்றால் சாயங்காலம் உள்ளே எல்லோரையும் நிற்கவைத்து, யார் புது ஷெட்டுக்கு, யார் வீட்டுக்கு என்று வாசிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு வாசலும் சேர்ந்து வெளியே வந்து நின்றால் வாசிக்கத் தயங்குவார்கள். அவ்வளவுதான் விஷயம். யாருக்கும் புரியும். நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு பெயர் மேலே, ஒரு பெயர் கீழே என்பதில் உட்கார்ந்திருக்கிறோம், காலையிலிருந்து, இந்தப் பெஞ்சில்.

வரும் வழியில் அந்தப் பலகையைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். ஷேர் ஆட்டோவில் மறுபக்கம் முகம் வைத்து உட்கார்ந்திருந்தால் புளியமரங்கள்தான் தெரிந்திருக்கும். பச்சைக் கோட்டுக் கம்பெனி, நீலக் கோட்டுக் கம்பெனி என்றுதான் ஒரகடம் தாண்டி இந்தப் பக்கமெல்லாம் சொல்வார்கள், உள்ளே போட்டுக்கொள்ளும் கோட்டின் நிறத்தை வைத்து. இரண்டும் செல்போன் செய்கிறவை. போனின் முனை வளைவு யார் கண்டுபிடித்தது என்று ஊர் ஊராக நீதிமன்றம் ஏறிக் கட்டிப் புரண்டவை. நீலத்தின் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பச்சையின் வாசலுக்குள் நுழைந்தால் செக்யூரிட்டி பல்லைக் கடிப்பான். பச்சையின் எச்.ஆர். மேனேஜர் ஒருமுறை எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்து, "அவங்க காப்பியடிக்கிற கூட்டம் சார், உங்க ஆளுங்க அங்க போனா கெட்டுப்போயிடுவாங்க" என்றான். அந்தப் பயம்தான் எனக்குச் சாப்பாடு போட்டது. நீலத்தில் பஸ் விட்டுவிட்டான் என்று பச்சையிடம் போய்ச் சொல்வேன், பச்சையில் கேண்டீனில் முட்டை போடுகிறான் என்று நீலத்திடம் சொல்வேன், பாதி உண்மை, பாதி என் சரக்கு. பஸ்ஸும் வரும், முட்டையும் வரும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மீதிப் படிப்பெல்லாம் அச்சு மை காயாத தாள்களில் படித்தது, எதிரியோடு இருப்பது பகை முரண்பாடு, தோழனோடு இருப்பது நட்பு முரண்பாடு என்று தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து விரலால் வரி தொட்டுப் படித்தது. அந்தப் படிப்பை வைத்து நானே ஓர் அறிக்கை எழுதினேன், இந்த இரண்டு முதலாளிகளும் ஒரு நாளும் ஒரே இலையில் சாப்பிடமாட்டார்கள், அதுவே நமக்கு மூச்சு என்று. நல்ல வரி. கைதட்டு வாங்கிய வரி. போன வாரம் பேப்பரில் படம் வந்தது, இரண்டு முதலாளிகளும் ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், பின்னால் பஃபே மேசை. கடையில் சண்டை அப்படியே இருக்குமாம், விளம்பரத்தில் ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக்கொள்வார்களாம், ஷெட்டு மட்டும் இனி ஒன்று. அந்த ஷெட்டுக்குப் போகும் புது ரோட்டில்தான் பலகை. போகும்போது வாசித்தால் பச்சையின் பெயர் முதலில், நீலத்தின் பெயர் அடுத்து. ஆட்டோ அதைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன், பின்பக்கத்தில் நீலம் முதலில், பச்சை அடுத்து. வரும்போது ஒருவன் பெரியவன், போகும்போது இன்னொருவன். ஒரு தகரத்தில் முடித்துவிட்டார்கள். எனக்கு உடம்பு கூசியது. ஆட்டோவில் பக்கத்தில் இருந்த பெண் தன்னை இடித்துவிட்டேனோ என்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

"என் பேரு கீழ வந்தா எங்க தோழர்கள் நோட்டீஸ கையால தொடமாட்டாங்கன்னு சொல்லும்மா" என்கிறான் தேவசகாயம். குரல் பழைய குரல்தான், கொஞ்சம் காற்று கலந்துவிட்டது. அவனுக்கு என் மேல் என்ன கோபம் என்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், நானே மேடை மேடையாகச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். போலீஸ்காரர்களின் தமிழில் குற்றம்சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்று பெயர். எந்தப் போராட்டமானாலும் வழக்குத் தாளில் முதல் எதிரி மாசிலாமணி, இரண்டாம் எதிரி தேவசகாயம். நீதிமன்றத்தில் டவாலி என் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவான். அரசாங்கத்துக்கே நான் முதல் எதிரி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூண்டில் ஏறுவேன், பின்னாலேயே அவன் ஏறுவான், அவன் செருப்புச் சத்தம் கேட்கும். எத்தனை வழக்கு. ஒருநாள் வாய்விட்டே கேட்டான், எத்தன கேசுலடா நான் ரெண்டாவதாவே நிக்கிறது என்று. அதை நான் மேடையில் சொன்னேன், அவனுடைய மூக்குக் குரலிலேயே சொன்னேன், கூட்டம் உருண்டது, அடுத்த மாதம் அவன் தனிச் சங்கம் கண்டான். இன்றைக்கும் அதேதான். வாசலுக்கு அருகில் கூடக்கூடாது என்று கம்பெனிகள் கோர்ட்டில் தடை வாங்கி வைத்திருக்கின்றன, வழக்கு நிச்சயம், அறிக்கையில் எவன் பெயர் மேலே இருக்கிறதோ அவன்தான் முதல் எதிரி. வழக்குக்குப் பயந்து பின்னால் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வழக்கில் முன்னால் நிற்க அடித்துக்கொள்ளும் கிழவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் பல் விளக்கும்போதே உளவுப் பிரிவு ஏட்டு சடகோபன் போன் செய்தார். நல்ல மனிதர், என் முட்டிவலிக்குத் தைலம் சொன்னவர். "தலைவரே, ஏதோ ஏற்பாடாமே. வழக்கம்போல நீங்கதான முதல்ல? மேல எழுதி அனுப்பணும்." நான், "வேற யாரு?" என்றேன். வாயில் நுரையோடு சொன்னேன். சொன்ன பிறகுதான் இந்தக் கடைக்குக் கிளம்பினேன், யார் பெயர் மேலே என்று தேவசகாயத்தோடு கலந்து பேசி முடிவெடுக்க. இதை அவன் அறியமாட்டான். பை நடுவில் இருக்கிறது.

எழிலரசி எதிர்ச்சாரி டீக்கடையில் நிற்கிறாள், கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிகிறாள். எங்கள் இருவரையும் இந்தப் பெஞ்சில் கொண்டுவந்து உட்காரவைத்தவள் அவள்தான். பச்சையில் திருகு லைன், அதாவது போனின் முதுகில் கண்ணுக்குத் தெரியாத திருகுகளை முடுக்குகிற வரிசை, எல்லாம் பெண்கள், எல்லாம் காண்ட்ராக்ட். எங்கள் இரண்டு சங்கத்திலும் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு உறுப்பினர் சீட்டு கிடையாது, அதனால் மற்றவர்கள் எங்களைத் தோழர் என்கிறபோது அவள் மட்டும் ஐயா என்பாள், நானும் திருத்தியதில்லை. புது ஷெட்டில் திருகை மெஷின் முடுக்கும். சரி, நீலத்தில் வேலை கேட்போம் என்று வாசலுக்குப் போயிருக்கிறாள். பச்சையின் அட்டையைப் பார்த்ததும், உங்களை எடுக்கக்கூடாது என்று உத்தரவு, ஒருவர் விட்டவரை மற்றவர் எடுப்பதில்லை என்று பேசிவைத்திருக்கிறார்கள் என்று செக்யூரிட்டி சொல்லியிருக்கிறான். சால்வை போர்த்திக்கொண்டதன் அர்த்தம் இந்தச் செக்யூரிட்டிக்குத் தெரிந்திருக்கிறது, பேப்பரை இரண்டு தரம் படித்த எனக்குத் தெரியவில்லை. அவள் முதலில் அவனிடம் போனாள், பிறகு என்னிடம் வந்தாள், அல்லது முதலில் என்னிடமா. பார், இதிலும் முதலில் யார் என்று மனசு போகிறது. "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தாள் போடுங்க ஐயா. சண்டைய அப்புறம் போட்டுக்குங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஹாஸ்டலில் அவளோடு இருக்கிற பெண்கள் இரண்டு பேர் பெட்டி கட்டிவிட்டார்கள், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் ஒரு முடிவு தெரிந்தால் அவிழ்ப்பார்களாம். அவள் தலையைத் திருப்பி இங்கே பார்க்கிறாள். நான் சட்டென்று பர்வீனிடம் சொல்கிறேன், "பாதித் தாள்ல அவர் பேரு மேல, பாதித் தாள்ல என் பேரு மேல. ரெண்டு கட்டு." சொன்னதும் எங்கிருந்து எடுத்தேன் என்று தெரிந்துவிட்டது. தகரப் பலகை. முதலாளிகளின் தகரத்தைத் திருடி வந்து பெஞ்சில் போட்டிருக்கிறேன். "பச்சை வாசலுக்கு என் பேரு மேல இருக்கிற கட்டுன்னு சொல்லும்மா" என்றான் தேவசகாயம். "எழுத்து ரெண்டு பேருக்கும் ஒரே சைசு" என்றேன். "தோழர்னு முன்னால போடணும்" என்றான். "பொதுச்செயலாளர்னு அடியில" என்றேன். பர்வீன் தட்டிக்கொண்டே போனாள். அவன் பெயர் நீளம், அதற்காக என் பெயரின் எழுத்துகளை அகட்டி வைக்கச் சொன்னேன், அவள் அகட்டினாள். நாங்கள் இருவரும் எங்களை அறியாமல் பெஞ்சிலிருந்து எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்விட்டிருந்தோம், அவன் தோள் என் தோளில் இடித்தது, அவனிடம் அதே பீடி வாசனை. "சார், கடைசி வரி தாளுக்கு வெளிய போகுது" என்றாள். போகட்டும் என்றேன். போகட்டும் என்றான் அவனும். எத்தனை வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே வார்த்தையை ஒரே நேரத்தில் சொன்னோம். எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கதவு திறந்த சத்தம் கேட்டது, டீ வாசனையும் வெயிலும் உள்ளே வந்தன. எழிலரசி எங்கள் தோள்களுக்கு நடுவில் எட்டிப் பார்த்துத் திரையை மேலிருந்து கீழே படித்தாள். படிக்கும்போது உதடு அசைந்தது. கீழே வந்து நின்றாள். மறுபடி மேலே போனாள். "ஐயா, திருகு லைன் எங்க?" நான் திரையைப் பார்த்தேன். பஸ் இருந்தது, பணி மூப்பு இருந்தது, போனஸ் இருந்தது, ஏகாதிபத்தியம் இருந்தது, என் பெயர் அகலக் கால் பரப்பி நின்றது. திருகு லைன் பெண்களை வெளியே அனுப்பாதே என்ற வரி கடைசி வரி. அவள் கடைசியாகப் போனில் சொன்னாள், அதனால் கடைசியில் சேர்த்தோம், அதுதான் தாளுக்கு வெளியே போனது, நாங்கள் போகட்டும் என்றது அதைத்தான். தேவசகாயம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை, கையில் ஒரு குண்டூசி இருந்தது, எங்கே எடுத்தேனோ. "பரவால்ல ஐயா" என்றாள் எழிலரசி. "முதலாளிங்க ரெண்டு பேரும் பேசினதுலயும் நாங்க இல்ல." குரலில் கோபம் இருந்திருந்தால் நிமிர்ந்து பதில் சொல்லியிருப்பேன், கோபத்துக்குப் பதில் சொல்லிப் பழகியவன் நான். அவள் சும்மா சொன்னாள், பஸ் இன்று வராது என்று சொல்கிற மாதிரி. காது மடல் சுட்டது. இந்த வயதில் காது மடல் சுடும் என்று நான் நினைக்கவில்லை. பகை முரண்பாட்டை அவர்கள் சால்வை போட்டு முடித்துவிட்டார்கள், நட்பு முரண்பாட்டை நாங்கள் இத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்திருக்கிறோம், இரண்டிலும் வெளியே விழுந்தது ஒரே வரி. இதை நான் ஓர் அறிக்கையில் எழுதலாம். எழுதலாம் என்று தோன்றுகிறதே, இந்த நேரத்திலும், நல்ல வரி என்று.

"எதை எடுத்துட்டு அந்த வரிய உள்ள கொண்டார்றது?" என்றாள் பர்வீன். பதில் எல்லோருக்கும் தெரியும். என் பெயரை எடு என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் தேவசகாயம், "என் பேர எடும்மா. அவரு பேரு மட்டும் இருக்கட்டும்" என்றான். முந்திக்கொண்டான். எனக்கு நெஞ்சில் குத்தியது, நல்லதைச் செய்கிறான் என்பதல்ல, முந்திக்கொண்டான் என்பது. "வேணாம், என் பேர எடு, அவர் இருக்கட்டும்" என்றேன். "இல்ல, பெரியவரு அவருதான்னு சொல்லும்மா." "எனக்கு இந்தப் பெருமையெல்லாம் வேணாம்னு சொல்லும்மா." "யாருக்கு வேணுமாம்?" "வேணாம்னா வேணாம்." விட்டுக்கொடுத்தவன் என்ற பெயர் யாருக்கு என்று அடுத்த சண்டை ஆரம்பித்துவிட்டது, அது நடந்துகொண்டிருக்கும்போதே அது எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் நிறுத்த முடியவில்லை, ஓடுகிற வண்டியில் தொங்குகிறவன் மாதிரி. பர்வீன் கையை மேசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு, "ரெண்டு பேரையும் எடுத்துர்றேன். ஆனா வெளியிடறவங்க பேரு இல்லாம அச்சடிச்சா என்னத்தான் வந்து கேப்பாங்க" என்றாள். "என் பேரப் போடுக்கா" என்றாள் எழிலரசி. "எழிலரசி, திருகு லைன். அவ்ளோதான், சின்ன எழுத்துல போதும்." பர்வீன் எங்களைப் பார்த்தாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் ஒரு வழக்குத் தாளில் பெயர் ஏறினால் எந்தக் கோட்டும், பச்சையோ நீலமோ, அவள் தோளில் ஏறாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும், எங்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியும். நான் தேவசகாயம் சொல்வான் என்று பார்த்தேன். அவன் நான் சொல்வேன் என்று பார்த்தான். இந்த ஒரு தடவை இருவரும் முந்தவில்லை. பின்னறையில் மெஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது.

மெஷின் சத்தத்தில் பெஞ்சு அதிர்ந்தது, பை சரிந்தது, நான் அதை எடுத்துக் காலடியில் வைத்தேன். எழிலரசி சூடான தாள்களைத் தட்டித் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள், கைகள் அவ்வளவு வேகம். என் சட்டைப்பையில் போன் துடித்தது. பச்சைக் கம்பெனியின் போன், அவள் லைனில் முதுகு மூடியதாகக்கூட இருக்கலாம். சடகோபன். "தலைவரே, மேல கேக்கறாங்க. காலைல சொன்னதுதான? நீங்கதான முதல்ல?" இத்தனை வருஷத்துப் பெருமையை இந்த ஒரு வாக்கியத்தில் கீழே வைத்துவிடலாம் என்று தோன்றியது, தேவசகாயம் கேட்கும்படி வைக்க வேண்டும் என்றும் தோன்றியது, குரலை உயர்த்தினேன். "நான் இல்லைங்க. முதல் எதிரி எழிலரசி, பச்சைக் கம்பெனி, திருகு லைன். ரெண்டாவது தேவசகாயம். மூணாவதுதான் நான்." "மூணாவதா? உடம்பு ஏதும் சரியில்லையா தலைவரே?" என்று சிரித்தார் அவர். நானும் சிரித்தேன். இலேசாக இருந்தது, சட்டையைக் கழற்றிப் போட்ட மாதிரி. பிறகு அந்தப் பக்கம் பேனா தேடும் சத்தம் கேட்டது. "எழிலரசி. ழியா, லியா? சரி. தகப்பனார் பேரு?" எனக்குத் தெரியவில்லை. "இல்ல, கட்டிக்கொடுத்தாச்சா? புருஷன் பேரு? சொந்த ஊரு செய்யாறு பக்கமா? அந்தப் பொண்ணுங்கதான் நெறைய. எந்த ஹாஸ்டல்ல தங்கியிருக்கு?" ஸ்டேஷனில் அடிவாங்கியிருக்கிறேன், விரல் நசுங்கியிருக்கிறது, ஒருமுறை விடியும்வரை நிற்கவைத்தார்கள், ஒரு பெயர்கூட இந்த வாயிலிருந்து வந்ததில்லை, பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைதான், எனக்கென்று மிச்சமிருந்ததே அதுதான். அடியில்லாமல், மிரட்டலில்லாமல், பெருந்தன்மையாகக் கொடுத்துவிட்டேன். "தலைவரே? லைன்ல இருக்கீங்களா?" தேவசகாயம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பையில்லாத பெஞ்சில் அவன் மெல்ல என் பக்கம் நகர்ந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். எழிலரசி இரண்டு கட்டுகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு கதவருகே போனவள் முதுகால் கதவைத் தள்ளியபடி திரும்பினாள்.

"மணியாச்சு, வாங்க ஐயா. யாரு போன்ல?"

"தெரிஞ்சவரு" என்றேன்.